முதல் தகவல் அறிக்கையின் மொழி: பாலியல் வன்முறைப் புகார்கள் குறித்து ஒரு திறனாய்வு

இந்தியக் காவல் நிலையங்களில் நாள்தோறும் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கை, மொழியாய்வாளர்களின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ள ஓர் உரைநடை வகையாகும். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பழைய நில ஆவணங்களையும் மொழிநடை நோக்கில் ஆராய்ந்துள்ள நாம், நம் காலத்து மக்களின் துயரைத் தாங்கி நிற்கும் இவ்வாவணத்தைச் சட்டத்துறையினர்க்கே விட்டுவிட்டோம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் காவல் நிலையத்தில் எவ்வாறு நடத்தப்படுகிறாள் என்பது பற்றிப் பேசுவோர், அவள் புகார் பதிவு செய்யப்பட்டதா இல்லையா என்பதையே முதன்மையாகக் கொள்கின்றனர். அது முறையே. எனினும், பதிவு செய்யப்பட்டபின் அத்தாளில் இருப்பது யாருடைய பேச்சு என்னும் வினா அடுத்ததாக எழுகின்றது. வழக்கு நிலைப்பதும் வீழ்வதும் பல நேரங்களில் இவ்வினாவையே சார்ந்துள்ளன. இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகின்றது.

1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரப்படும் தகவலை நிலையப் பொறுப்பு அலுவலர் தாமே எழுத்தில் வடிக்கவேண்டும், அல்லது தம் மேற்பார்வையில் எழுதச் செய்யவேண்டும் என்று விதித்தது. எழுதியதைத் தகவல் தந்தவர்க்குப் படித்துக்காட்ட வேண்டும். அவர் கையொப்பமிட வேண்டும். படி ஒன்றைக் கட்டணமின்றித் தரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் இவ்வமைப்பையே பெரிதும் பின்பற்றுகின்றது. குற்றம் எவ்வெல்லையில் நிகழ்ந்திருப்பினும் எந்நிலையத்திலும் தகவல் தரலாம் என்பதும், மின்னணு வழியாகவும் தந்து மூன்று நாளுக்குள் கையொப்பமிடலாம் என்பதும் அதில் சேர்ந்துள்ளன. 'எழுத்தில் வடித்தல்' என்று ஈண்டுக் கூறப்பட்டதற்கு ஆங்கில மூலத்தில் ஆளப்பட்டுள்ள வினைச்சொல் 'குறைத்தல்' என்னும் பொருளையும் உடையது. தமிழ்ச் சொல்லும் இவ்வகையில் பொருத்தமானதே. வடிக்கும்போது கலத்தில் தங்குவதும் உண்டு; ஒழுகிப்போவதும் உண்டு.

ஒழுகிப்போவனவற்றுள் முதலாவது வினா. காவல் நிலையத்திற்கு வரும் பெண் தன் கதையைத் தொடக்கம் முதல் இறுதிவரை கோவையாகக் கூறுவதில்லை. அவளிடம் வினாக்கள் கேட்கப்படுகின்றன: எத்தனை மணி, என்ன உடை, ஏன் தனியே சென்றாய், கத்தினாயா, முன்பே அவனைத் தெரியுமா? அவள் விடைகள் துண்டுதுண்டாக வருகின்றன. அறிக்கையில் வினாக்கள் மறைந்து, விடைகள் மட்டும் தன்மை ஒருமையில் ஒரே தொடராகக் கோக்கப்படுகின்றன. 'கத்தினாயா' என்ற வினாவுக்கு அவள் தலையசைத்திருந்தால், 'நான் உரத்த குரலில் கூச்சலிட்டேன்' என்ற தொடர் பிறக்கின்றது. 'நான்' என்று தொடங்கும் அத்தொடரைப் படிக்கும் நீதிமன்றம், அவளே தன் விருப்பில் கூறியதாக அதனைக் கொள்கின்றது. நீதிமன்றத்திலும் சாட்சியம் பொதுவாகக் கதைவடிவில் பதிவு செய்யப்படுகின்றது. தேவையெனக் கருதினால் மட்டும் நடுவர் வினா விடை வடிவில் பதிவு செய்யலாம். இலக்கியத்தில் தன்மைக்கூற்று ஒரு புனைவு உத்தி என்பதைத் திறனாய்வாளர் யாவரும் அறிவர். சட்ட ஆவணத்தில் அதே உத்தி உண்மையின் வடிவமாகவே கொள்ளப்படுகின்றது.

இதன் விளைவைக் காண 1972ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு போதுமானது. துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு என்பது அதன் பெயர். சட்ட நூல்களும் இயக்கங்களும் அவ்வழக்கைப் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயராலேயே அழைத்துவருகின்றன. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கிய 1983ஆம் ஆண்டுத் திருத்தம் பிறப்பதற்கு அவ்வழக்கே காரணமாக இருந்ததை எண்ணும்போது இவ்வழக்கம் வியப்பளிக்கின்றது. இக்கட்டுரை அதனைப் பின்பற்றவில்லை.

1972 மார்ச் 26 இரவு, அன்றைய சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த தேசாய்கஞ்ச் காவல் நிலையத்திற்கு அப்பெண் அழைத்துவரப்பட்டாள். அவளைக் கடத்திவிட்டதாக அவள் அண்ணன் தந்த புகாரே அதற்குக் காரணம். அவள் மணக்க விரும்பிய இளைஞனும் அவன் உறவினரும் உடன் வந்திருந்தனர். தலைமைக் காவலர் ஒருவர் அப்பெண்ணின் வாக்குமூலத்தையும் அவ்விளைஞனின் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டார். அப்போது இரவு ஏறத்தாழ பத்தரை மணி. பெண்ணின் வயதுக்குச் சான்றாகப் பிறப்புப் பதிவின் படியைக் கொண்டுவருமாறு அண்ணனிடம் கூறிவிட்டு, அவர் இரவுணவுக்குத் தம் வீட்டிற்குச் சென்றார். அதன்பின் பணியிலிருந்த காவலர்கள் இருவர் அவளை நிலையத்திலேயே நிறுத்திவைத்தனர் என்பதும், அங்கே அவள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டாள் என்பதும் வழக்கு. வெளியே நின்றோர் கூடிக் கூட்டமாயினர். நிலையத்தைக் கொளுத்திவிடுவதாகவும் மிரட்டினர். தலைமைக் காவலர் மீண்டும் வரவழைக்கப்பட்டார். அவர் கூட்டத்தைக் கலைந்துபோகச் செய்தபின், அப்பெண்ணின் கூற்றை எழுதினார். அதுவே முதல் தகவல் அறிக்கையாயிற்று.

இவ்வாவணம் பிறந்த சூழல் கருதத்தக்கது. ஒரே இரவில், ஒரே நிலையத்தில், ஒரே கை அவளை இருமுறை எழுதியுள்ளது: முதலில் கடத்தப்பட்டதாகக் கூறப்பட்ட பெண்ணாக, பின்னர் அந்நிலையத்துக் காவலர்மீதே குற்றஞ்சாட்டும் பெண்ணாக. இரண்டாம் முறை எழுதியவர் குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் உடன் பணியாளர். வெளியே சற்றுமுன் கலைந்த கூட்டம். இத்தகைய நிலையில் ஓர் உரை எவ்வாறு உருவாகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அமர்வு நீதிமன்றம் 1974இல் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. அதன் தீர்ப்பில் மொழியாய்வாளர் நோக்கும் பகுதி ஒன்று உண்டு. நிலையத்தில் உடலுறவு நடந்திருக்கலாம் என்று ஏற்ற அந்நீதிமன்றம், அவள் தன் காதலன் நின்ற கூட்டத்தின்முன் கற்புடையவளாகத் தோன்றவேண்டியிருந்ததால் வல்லுறவுக் கதையைப் புனைந்தாள் என்று கருதியது. அதாவது, பேச்சு கேட்போரைப் பொறுத்து அமையும் என்னும் கருத்தை நீதிமன்றம் தானே கையாண்டுள்ளது. ஆனால் அது கண்ட கேட்போர் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் மட்டுமே. மேசைக்கு அப்பால் எழுதுகோலுடன் அமர்ந்திருந்த கேட்போரை அது காணவில்லை. காதலன்முன் அவள் பேச்சு மாறும் என்றால், சீருடையின்முன் மாறாதோ? பாதி வழி வந்து நின்றுவிட்ட திறனாய்வு என்றே இதனைக் கூறவேண்டும்.

பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 1976இல் அத்தீர்ப்பை மாற்றியது. அஞ்சி அடங்குதல் வேறு, இசைதல் வேறு என்பது அதன் நிலை. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது. உடலில் காயம் இல்லாமையால் நடந்தது அமைதியான ஒன்றே என்றும், அவள் கடுமையாக எதிர்த்ததாகவும் கூவியதாகவும் கூறியவை பொய் என்றும் முடிவு செய்தது. துக்காராம் செய்ததாகக் கூறப்பட்டவை குறித்து முதல் தகவல் அறிக்கைக்கும் நீதிமன்றச் சாட்சியத்திற்கும் இடையே இருந்த வேறுபாட்டையும் அவளுக்கு எதிராகவே கொண்டது. அவ்வேறுபாட்டில் பேசியவளின் பங்கு எவ்வளவு, எழுதியவரின் பங்கு எவ்வளவு என்னும் வினாவைத் தீர்ப்பு எழுப்பவில்லை. எதிர்ப்பையும் கூச்சலையும் மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்த காலம் அது. எதிர்பார்ப்பு இருக்கும் இடத்தில் அதற்கேற்ற தொடர்கள் ஆவணத்தில் வந்து அமைந்துவிடும். பின்னர் அத்தொடர்களே பொய்யெனத் தள்ளப்படும்போது, தள்ளப்படுபவள் அப்பெண்ணே அன்றி எழுதியவர் அல்லர்.

உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் இத்தீர்ப்பை நாடறியச் செய்தது. அடங்குதலுக்கும் இசைவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் வலியுறுத்தினர். சட்டம் மாறியது. 1983இல் காவலில் நிகழும் வல்லுறவு தனிக் குற்றமாயிற்று. அவ்வழக்குகளில் தான் இசையவில்லை என்று பெண் கூறினால் நீதிமன்றம் அவ்வாறே ஊகிக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. பேச்சை எழுதும் முறையை அத்திருத்தம் தொடவில்லை.

பெண்ணின் சொல்லாட்சி அளவுகோலாக்கப்படும் மற்றொரு முறையைப் பஞ்சாபில் 1984இல் நிகழ்ந்த வழக்கில் காணலாம். தேர்வெழுதச் சென்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி காரில் கடத்தப்பட்டாள். அவளுக்கு ஃபியட், அம்பாசடர், மாஸ்டர் ஆகிய வண்டிகளுக்கிடையே வேறுபாடு தெரியவில்லை என்பதை விசாரணை நீதிமன்றம் ஐயத்திற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு 1985இல் விடுதலை வழங்கியது. கிராமத்துச் சிறுமிக்கு இவ்வறிவு இல்லாமை ஒரு பொருட்டன்று என்று உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் கூறி, தீர்ப்பை மாற்றியது. காலதாமதம் பற்றியும் அத்தீர்ப்பு தெளிவாகப் பேசுகின்றது: குடும்ப மானத்தைக் கருதித் தயங்கிய பின்னரே பெண்கள் புகார் தர வருகின்றனர் என்பதை நீதிமன்றங்கள் மறத்தலாகாது. பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் வந்த நல்ல தீர்ப்பு.

இனி, சொற்களுக்கு வருவோம். வடநாட்டுக் காவல் ஆவணங்களில் ரோஜ்நாம்சா, முத்தயி, முல்ஜிம், தஹ்ரீர் போன்ற பாரசீக, அரபுச் சொற்கள் இன்றும் வழங்குகின்றன. 2019இல் தில்லி உயர் நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கை புகார் தருபவரின் சொற்களில் அமையவேண்டும் என்றும், அகராதி கொண்டு பொருள் காணவேண்டிய சொற்கள் வேண்டாவென்றும் கூறியது. அதனையொட்டித் தில்லிக் காவல்துறை 383 சொற்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றுக்கு ஈடான எளிய சொற்களை ஆளுமாறு பணித்தது. மொழித் தூய்மை விரும்புவோர் இதனைப் பெரிதும் வரவேற்றனர். ஆயினும் நீதிமன்றம் கூறிய முதற் கருத்து வேறு, பட்டியல் செய்தது வேறு என்றே தோன்றுகின்றது. எழுதுபவரின் கடினச் சொல்லுக்கு மாற்றாக எழுதுபவரின் எளிய சொல் வந்துள்ளது. புகார் தருபவரின் சொல் வரவில்லை.

கடினச் சொற்களைவிட இடர் மிகுந்தவை எளிய சொற்களே எனலாம். இந்தி வழங்கும் பகுதிகளின் புகார்களில் 'கலத் காம்', அதாவது 'தவறான காரியம்', என்ற தொடர் மிகப் பரவலாக ஆளப்படுகின்றது. யாருடைய தவறு, என்ன காரியம் என்பதை அது கூறுவதில்லை. மானத்தைப் பறித்தல் என்ற பொருளில் 'இஜ்ஜத்' என்ற சொல்லும் அவ்வாறே வருகின்றது. தமிழ் நாளிதழ்களும் சட்ட மொழிபெயர்ப்புகளும் நெடுங்காலம் ஆண்ட 'கற்பழிப்பு' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. செய்தவனின் வன்முறையை விட்டு, பெண் இழந்ததாகக் கருதப்படும் ஒன்றையே அச்சொல் சுட்டுகின்றது. 'வல்லுறவு', 'வன்புணர்ச்சி' ஆகியவை இன்று அதன் இடத்தைப் பெற்றுவருவது மகிழ்தற்குரியது.

'சம்பந்த்' என்ற சொல்லின் கதை இன்னும் கூர்மையானது. தமிழில் சம்பந்தம் என்பது தொடர்பையும் மணவுறவையும் குறிக்கும். இந்தியில் உடலுறவைக் குறிக்க நாகரிகமான மறைசொல்லாகவும் வழங்குகின்றது. 2024 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு சிறுமியின் வழக்கில், உடல் உறவு அல்லது 'சம்பந்த்' என்னும் சொல்லிலிருந்து பாலியல் தாக்குதல் என்ற முடிவுக்குத் தாவ இயலாது; அது சான்றினால் நிறுவப்பட வேண்டும் என்று கூறி, விசாரணை நீதிமன்றம் தண்டித்தவரை விடுவித்தது. சான்றின்றித் தண்டித்தல் ஆகாது என்ற அளவில் தீர்ப்பின் தருக்கத்தை மறுக்க இயலாது. ஆனால் அச்சொல்லைச் சிறுமி கூறியபோது, 'அதனால் நீ கருதுவது யாது' என்று அவள் அஞ்சாவண்ணம் கேட்டு, வினாவையும் விடையையும் எழுதியிருப்பின் இத்தாவல் தேவைப்பட்டிராது. நாணத்தால் பெண் மறைசொல் ஆள்கிறாள். நாணத்தாலோ விரைவாலோ அலுவலர் அதனை விரித்துக் கேளாமல் விடுகிறார். இருவர் நாணத்தின் சுமையும் அவள்மீதே விழுகின்றது.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். சட்டப்பிரிவின் கூறுகள் அறிக்கையில் தென்படாவிடில் குற்றத்தைப் பதிவு செய்வதே அரிதாகும். 'என் விருப்பத்திற்கு மாறாக' என்ற வாய்பாட்டை அலுவலர் சேர்ப்பது பெண்ணுக்கு உதவியே அன்றித் தீங்கன்று என்பர். இதில் உண்மை உண்டு. நல்லெண்ணத்துடன் எழுதும் அலுவலர் பலர் உளர். அவர்களுடைய வாய்பாடுகளே பல புகார்களைக் காத்துள்ளன. ஆனால் நிலைய வாயிலைத் திறக்கும் அதே வாய்பாடு நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராகத் திரும்புகின்றது. முதல் தகவல் அறிக்கை தன்னளவில் சான்றாகாது. அது முன்னைய கூற்று என்ற முறையில் சாட்சியை வலுப்படுத்தவோ முரண்படுத்தவோ மட்டுமே பயன்படும் என்பது 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டக் காலம் முதல் நிலைபெற்ற கொள்கை. குறுக்கு விசாரணையில், தான் சொல்லாத தொடரைத் தான் சொன்னதாக ஏற்கவேண்டும், அல்லது தன் கையொப்பத்தை மறுக்கவேண்டும் என்ற இருதலைக் கொள்ளி அவளுக்கு ஏற்படுகின்றது. மேலும் அவள் ஒருமுறை மட்டும் பேசுவதில்லை. நிலையத்தில், மருத்துவரிடம், நடுவர்முன், நீதிமன்றத்தில் என்று மீண்டும் மீண்டும் பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் வேறொரு கை எழுதுகின்றது. கைகளின் வேறுபாடு கூற்றின் முரண்பாடாகக் காட்சியளிக்கின்றது.

நீதிபதி வர்மா குழுவின் அறிக்கைக்குப்பின் 2013இல் வந்த திருத்தங்கள் இத்துறையில் பெரும் மாற்றத்தைச் செய்தன என்பதில் ஐயமில்லை. இத்தகைய புகாரைப் பெண் அலுவலரே எழுதவேண்டும். உடல் அல்லது உள்ளக் குறைபாடுடையோரின் புகாரை அவர்கள் இல்லத்திலோ அவர்கள் விரும்பும் இடத்திலோ மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் எழுதி, ஒளிப்பதிவும் செய்யவேண்டும். பதிவு செய்ய மறுக்கும் அலுவலர்க்கு ஆறு மாதத்திற்குக் குறையாத கடுங்காவல் உண்டு. அவ்வாண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, கைதுக்குரிய குற்றம் வெளிப்படும் தகவலைப் பதிவு செய்தல் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. இவை யாவும் யார் எழுதவேண்டும், எங்கே எழுதவேண்டும், எழுதாவிடில் என்ன தண்டனை என்பவற்றைக் கூறுகின்றன. எவ்வாறு எழுதவேண்டும் என்பதில் சட்டம் 1973இல் நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

சட்டமியற்றுவோர் இதனை அறியாதவர் அல்லர். ஓராண்டு முன்னதாக, 2012இல், அவர்கள் இயற்றிய பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தை தரும் புகாரை அக்குழந்தைக்கு விளங்கும் எளிய மொழியில் எழுதவேண்டும் என்றும், அதற்குப் புரியாத மொழியில் எழுதப்படின் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவேண்டும் என்றும் விதிக்கின்றது. 26ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்று, குழந்தை பேசியவாறே வாக்குமூலத்தைப் பதிவு செய்யவேண்டும் என்கின்றது. எளிய மொழியில் எழுதுதலும் பேசியவாறே எழுதுதலும் ஒன்றல்ல என்பதை ஈண்டுக் குறிக்கவேண்டும்; முன்னது எழுதுபவரின் நடை, பின்னது பேசுபவரின் நடை. எனினும் இரண்டும் சட்டத்தில் இடம்பெற்றன. பதினெட்டு வயது நிறைந்த மறுநாள் அப்பாதுகாப்பு நீங்கிவிடுகின்றது. வயது வந்த பெண் தன் வட்டார வழக்கில் பேசுகிறாள். நிலையம் மாநில மொழியின் அலுவல் நடையில் எழுதுகின்றது. உயர் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படிக்கின்றன. கோண்டி, சந்தாலி போன்ற மொழி பேசும் பெண்ணுக்கு இடையே மற்றும் ஒரு படி கூடுகின்றது.

முன்னர்க் கண்ட 'சம்பந்த்' வழக்கு, பேசியவாறே எழுதுதல் மட்டும் போதாது என்பதையும் காட்டுகின்றது. சொல்லைச் சொல்லாகவே எழுதி, அதன் பொருளைக் கேட்ட வினாவையும் அருகே எழுதுவதே வேண்டப்படுவது. ஒலி, ஒளிப்பதிவு இதற்குத் துணையாகும் என்று கருதுவோர் உளர். சட்டமும் அதற்கு இடந்தருகின்றது. ஆயினும் பொதுவான நிலையில் அதனைக் கட்டாயமாக்கவில்லை. பதிவு இருப்பினும் அதனை எழுத்தில் பெயர்ப்பதற்கு வட்டார வழக்கறிந்தோர் வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர் பெயரடங்கிய பதிவேடு ஒன்றைப் பேணவேண்டும். வயது வந்த பெண்களுக்கும் அப்பதிவேட்டைப் பயன்படுத்துவதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது. நிர்வாக ஆணை ஒன்றே போதும். அதில் இடம்பெறத்தக்கோரைப் பயிற்றுவிக்கும் பணி மொழி நிறுவனங்களுக்கு உரியது.

முதல் தகவல் அறிக்கைக்கென நாடு முழுவதும் வழங்கும் படிவத்தை எடுத்துப் பார்த்தால் இத்தேவை விளங்கும். புகார்தாரர் காலந்தாழ்த்தி வந்ததற்குரிய காரணத்தைக் கேட்கும் இடம் அதில் உண்டு. களவுபோன பொருள்களின் விவரத்திற்கு இடம் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவரின் அடையாளம் குறிக்கும் பகுதியில் உயரம், நிறம், பல், மச்சம், பச்சைக்குத்து ஆகியவற்றோடு அவர் பேசும் மொழி, வட்டார வழக்கு ஆகியவற்றுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டுள்ளது. புகார் தருபவள் எம்மொழியில் பேசினாள் என்பதை எழுத அப்படிவத்தில் கட்டம் இல்லை.